காமாக் கதிர் வெடிப்புத் தரவில் பக்கச்சார்பு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர், காட்பாடி, திருப்பத்தூர்ப் பக்கக் கல்லூரிகளில் முதுகலை ப்ராஜெக்டுக்கு வானியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு இப்போது காமாக் கதிர் வெடிப்பின் (வெகு தொலைவில் சில நொடிகள் காமாக் கதிரை அள்ளிக் கொட்டும் வெடிப்பு) மேல் ஒரு மோகம். காரணம் புரிகிறது. காவலூர்த் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டாம். ஸ்விஃப்ட், ஃபெர்மி செயற்கைக்கோள்களின் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, மடிக்கணினியும் பைத்தானும் இருந்தால் வேலை தொடங்கிவிடலாம். அண்டத்தை அளக்க உதவும் ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்கள் செம்பெயர்ச்சி (அண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு, தூரத்தின் அடையாளம்) 2.3 வாக்கில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. வெடிப்புகளோ, 2009-இல் பதிவான ஜிஆர்பி 090423 போல, 8.2 வரை போகின்றன. ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவை வானம் அனுப்பிய வெடிப்புகள் எல்லாம் அல்ல. கருவி பிடித்தவை, பிடித்ததில் செம்பெயர்ச்சி கிடைத்தவை, அதிலும் நிறமாலை நன்றாக அமைந்தவை. மூன்று சல்லடையில் தங்கிய மிச்சத்தை வைத்துக்கொண்டு அண்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். சரிசெய்யும் வரிசையும் இதே வரிசைதான்: முதலில் கருவியின் வரம்பு, பிறகு செம்பெயர்ச்சி கிடைத்த விதம், பிறகு காலப்போக்கில் வெடிப்புகளே மாறியிருக்கின்றனவா என்பது, கடைசியில்தான் அண்டவியல். தலைகீழாகப் போனால் அண்டவியல் அளவுரு மற்ற பிழைகளையெல்லாம் விழுங்கிவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது.

கீழே உள்ள அறிகுறிகள் பிள்ளைகள் வரைபடத்தோடு வந்து சொல்கிற வாக்கியங்கள். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். செம்பெயர்ச்சியை இனி 'செ' என்று குறிக்கிறேன்.

"தூரம் போகப் போக வெடிப்பு எல்லாம் பெருசாயிட்டே போகுது சார்"

கிடை அச்சில் செம்பெயர்ச்சி, நேர் அச்சில் ஒளிர்திறன். புள்ளிகள் இடமிருந்து வலமாக ஏறுகின்றன, கீழ் வலது மூலை காலி. ஒட்டுறவுக் கெழு 0.8 வந்ததும் 'பரிணாமம்' என்று அறிக்கையில் எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள்.

ஏலகிரி மலைப்பாதை வளைவு ஒன்றில் இரவில் வண்டியை நிறுத்திக் கீழே பாருங்கள். அடிவாரத்தில் வீட்டுத் திண்ணை விளக்கு வரை தெரியும். வாணியம்பாடிக்கு அப்பால் தெரிவதெல்லாம் உயர்கோபுர விளக்குகள் மட்டுமே. அதனால் தூரத்து ஊர்க்காரர்கள் திண்ணையில் விளக்கே வைப்பதில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். சுவீடன் வானியலாளர் மால்ம்குவிஸ்ட் 1920-களில் விண்மீன் கணக்கெடுப்புக்குச் சொன்னதும் இதுதான்.

அளவைப் பாருங்கள். ஹபிள் மாறிலி (அண்டம் விரியும் வீதம்) 70, பொருள் அடர்த்தி (அண்டத்தின் மொத்த அடர்த்தியில் பொருளின் பங்கு) 0.3 என்று வைத்தால், ஒளிர்வுத் தொலைவு செ=1-இல் சுமார் 6,600 மெகாபார்செக், செ=5-இல் சுமார் 47,000. தொலைவின் வர்க்கத்தில் பார்த்தால் 50 மடங்கு. செ=1-இல் வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிற வெடிப்பு செ=5-இல் தெரிய வேண்டுமானால் 50 மடங்கு வலுவாக இருந்தாக வேண்டும். உங்கள் வரைபடத்தின் ஏற்றத்தில் பெரும்பங்கு இதுவாகவே இருக்கக்கூடும்.

முதலில் அந்த வரம்புக் கோட்டை வரைபடத்தின் மேலேயே வரையுங்கள். இங்கே ஒரு சிக்கல். ஸ்விஃப்டின் பேட் கருவிக்கு ஒற்றை வரம்பு என்று ஒன்று கிடையாது. எண்ணிக்கை திடீரென்று ஏறுவதைப் பிடிக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட விதிகள் வைத்திருக்கிறது. அதற்கு மேல், படம் எடுத்துப் பார்த்துப் பிடிக்கிற வழி தனி. புலத்தின் ஓரத்தில் விழும் வெடிப்புக்கு வரம்பு உயரும். ஆகவே பட்டியலில் உள்ள மிக மங்கலான வெடிப்பின் பாயத்தை (நம்மை வந்தடையும் கதிரின் அளவு) எடுத்து 'இதுதான் வரம்பு' என்று வைப்பது தவறு. பாயத்தின் எண்ணிக்கைப் பரவலை வரைந்து, எந்த இடத்தில் அது வளைந்து சரியத் தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். பாதி வெடிப்புகள் போய்விடும். போகட்டும். முழுமையான சிறு மாதிரி ஓட்டையுள்ள பெரிய மாதிரியைவிட மேல். பேட்6 என்ற மாதிரி உச்சப் பாயம் நொடிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 2.6 ஃபோட்டான் என்று கறாராக வெட்டி, 58 வெடிப்புகளோடு நின்றது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செம்பெயர்ச்சி உண்டு.

வெட்டிய பிறகு எஃப்ரன், பெட்ரோசியன் இருவரும் 1992-இல் தந்த முறை. அதன் வேர் லிண்டன்-பெல் 1971-இல் குவாசார்களுக்குச் செய்தது. ஒவ்வொரு வெடிப்பாக எடுத்து, இதே ஒளிர்திறனோடு எவ்வளவு தூரம் வரை இது கருவிக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லைச் செம்பெயர்ச்சியைக் கணக்கிடுங்கள். அந்த எல்லைக்குள் இருந்து, இதைவிட ஒளிர்திறனும் கூடியவை மட்டுமே இதற்கு ஒப்பிடத் தகுந்த கூட்டம். இதையும் சேர்த்து அந்தக் கூட்டத்தில் இதன் செம்பெயர்ச்சி எத்தனையாவது இடம் என்று பாருங்கள். கூட்டத்தில் 'எ' பேர் என்றால், தொடர்பே இல்லாதபோது எதிர்பார்க்கும் இடம் (எ+1)/2, மாறுபாடு (எ²−1)/12. எல்லா வெடிப்புக்கும் இட வித்தியாசங்களைக் கூட்டி, மாறுபாடுகளின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் டௌ. அது ஒன்றுக்குள் இருந்தால் தொடர்பு இல்லை எனலாம். மூன்று, நான்கு என்று வந்தால், வரம்பை நீக்கிய பிறகும் ஏதோ மிச்சம் இருக்கிறது.

மிச்சம் இருந்தால் ஒளிர்திறனை (1+செ)-இன் ஒரு அடுக்கால் வகுத்து, டௌ சுழியாகும் அடுக்கைத் தேடுங்கள். புள்ளிகளை வகுக்கும்போது வரம்புக் கோட்டையும் அதே அடுக்கால் வகுக்க வேண்டும். இந்த ஒரு வரியை நிரலில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. வெளியான ஆய்வுகளில் இந்த அடுக்கு 1.4, 2.5, 2.6 என்று பல மதிப்புகளில் கிடக்கிறது. அந்தப் பரவலே ஒரு எச்சரிக்கை: வரம்பைத் தாழ்வாக வைத்தால், இல்லாத பரிணாமம் இருப்பதாக இந்த முறையே சொல்லும். வரம்பை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு உயர்த்தி மறுபடி ஓட்டுங்கள். அடுக்கு குறைந்துகொண்டே போனால் நீங்கள் அளப்பது வெடிப்புகளை அல்ல, உங்கள் வரம்புத் தேர்வை.

"அமாட்டிக் கோடு அழகா வருது, ஆனா வேற செயற்கைக்கோள் தரவு போட்டா விலகுது"

2002-இல் அமாட்டியும் உடனிருந்தவர்களும் பெப்போசாக்ஸ் பிடித்த, செம்பெயர்ச்சி தெரிந்த 12 வெடிப்புகளை வைத்து, நிறமாலை உச்ச ஆற்றல் (நிறமாலை உச்சம் தொடும் ஃபோட்டான் ஆற்றல்) சமதிசை ஆற்றலின் (எல்லாத் திசையிலும் சமமாகக் கொட்டியதாக வைத்துக் கணக்கிடும் மொத்த ஆற்றல்) ஏறத்தாழ 0.5 அடுக்காக ஏறுகிறது என்றார்கள். அன்றிலிருந்து வெடிப்புகளை அண்டவியல் அளவுகோலாக்கும் முயற்சிகளில் பாதி இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. மறுபாதி யோனெடோகு, கிர்லாண்டா, டைனோட்டி தொடர்புகளின் மேல். கோடு இயற்கையினுடையதா, கருவியினுடையதா என்பது 2005 முதல் ஓடும் வழக்கு.

செம்பெயர்ச்சி இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நகார், பிரான் இருவரும், தனியாக பேண்ட், பிரீஸ் இருவரும் 2005-இல் காம்ப்டன் செயற்கைக்கோளின் பேட்சி கருவித் தரவில் செய்தது. நமக்குத் தெரியும் உச்ச ஆற்றலின் வர்க்கத்தை மொத்தப் பாயத்தால் வகுங்கள். அமாட்டித் தொடர்பு சரியென்றால் அந்த விகிதம் ஒளிர்வுத் தொலைவின் வர்க்கத்தை (1+செ)-இன் மும்மடியால் வகுத்ததற்கு நேர்விகிதம். இந்தச் சார்பு ஏறிக்கொண்டே போவதில்லை. செ=4 அருகே உச்சம் தொட்டு மெல்ல இறங்குகிறது. ஆக அந்த உச்சத்தைத் தாண்டிய வெடிப்பு எந்தத் தூரத்தில் இருந்தாலும் கோட்டில் உட்கார முடியாது. சிதறலுக்கு இடம் கொடுத்த பிறகும் உங்கள் பட்டியலில் எத்தனை தாண்டுகின்றன என்று எண்ணுங்கள். பேட்சியில் நிறையத் தாண்டின. செம்பெயர்ச்சி கிடைத்த வெடிப்புகள் பாயம் மிகுந்த பக்கத்திலிருந்தே வந்தவை, மறுபக்கம் சல்லடையில் தங்கவே இல்லை என்பதற்கு இதைவிடச் சுலபமான சாட்சி கிடையாது.

அதற்காகக் கோட்டை முழுக்கப் பொய் என்று தூக்கிப்போடவும் முடியாது. ஒரே வெடிப்புக்குள் நொடிக்கு நொடி நிறமாலையைப் பிரித்தால் பாயம் ஏறும்போது உச்ச ஆற்றலும் ஏறுகிறது. கோலெனெட்ஸ்கி குழு 1983-லேயே காட்டியது. ஒரே வெடிப்பு, ஒரே தூரம். தேர்வு வரம்பு இதை உண்டாக்கியது என்று சொல்வது கடினம். என் கணிப்பு: அடியில் உண்மையான இயற்பியல் இருக்கிறது, கோட்டின் ஒடுக்கத்தில் ஒரு பகுதி கருவி செதுக்கியது.

சரிசெய்வதற்கு ஒரு வழி, கோடு பொருத்தும் திசையை யோசிப்பது. தேர்வு ஆற்றலைப் பொறுத்தே நடக்கிறது என்றால், ஆற்றலைக் கொடுத்து உச்ச ஆற்றலைக் கணிக்கும் பொருத்தம் அந்தத் தேர்வால் கெடாது. உச்ச ஆற்றலைக் கொடுத்து ஆற்றலைக் கணிக்கும் பொருத்தம் கெடும். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள், தொலைவுக்கு அதுதானே வேண்டும் என்று. முதல் திசையில் பொருத்திவிட்டு, தேர்வை நிகழ்தகவுக்குள் வைத்துத் திருப்புங்கள். சிதறலைத் தனி அளவுருவாக விடுங்கள். டாகோஸ்டினி 2005-இல் தந்த நிகழ்தகவுச் சார்பு இதற்கென்றே பரவலாகப் புழங்குகிறது. இன்னும் ஒரு நுணுக்கம்: கருவி எண்ணுவது ஆற்றலை அல்ல, ஃபோட்டான்களை. ஒரே ஆற்றலை வன்கதிராகக் கொட்டும் வெடிப்பு குறைந்த ஃபோட்டான்களையே தரும். அதனால் வரம்பு அந்தத் தளத்தில் நேர்குத்தாக நிற்காது, சரிந்து நிற்கும், அதுவும் கோட்டின் சரிவோடு ஒத்துப்போகிற மாதிரி. ஸ்விஃப்ட் தரவில் பட்லர் குழு 2007-இல் எழுப்பிய கேள்வி இதன் பக்கத்தில்தான்.

"உச்ச ஆற்றல் எல்லாம் நூறு பக்கத்துலயே குவியுது"

ஸ்விஃப்ட் பேட் பார்ப்பது 15 முதல் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. உச்சம் 400-இல் இருந்தால் அதற்குத் தெரியாது. நீங்கள் நிறமாலையில் வளைவு தெரிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். அந்த வெடிப்பை ஃபெர்மியின் ஜிபிஎம் (8 கிலோ முதல் 40 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை) அல்லது கோனஸ்-விண்ட் கண்டதா என்று தேடி, கண்டிருந்தால் இரண்டு தரவையும் சேர்த்துப் பொருத்துங்கள். காணாவிட்டால் மதிப்பு போடாமல் 'இதற்கு மேல்' என்று வரம்பாகப் பதியுங்கள். ஆற்றலை ஓய்வுச் சட்டகத்தின் (வெடிப்பு நடந்த இடத்திலேயே அளப்பது போல) 1 முதல் 10,000 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைக்கு மாற்றும் கே-திருத்தத்தையும் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவத்தில் செய்யுங்கள். பாதிக்கு பேண்ட் சார்பு, பாதிக்கு வெட்டுண்ட அடுக்குவிதி என்று நிறமாலை வடிவங்களைக் கலந்தால் அந்தக் கலவையே ஒரு போலிப் போக்கைக் காட்டும்.

"செம்பெயர்ச்சிப் பரவல்ல நடுவுல பள்ளம், பக்கத்துல மட்டும் எண்ணிக்கை ஜாஸ்தி"

ஸ்விஃப்ட் பிடித்தவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் செம்பெயர்ச்சி இருக்கிறது. எந்த மூன்றில் ஒரு பங்கு என்பதே கேள்வி.

இழப்பை இரண்டாகப் பிரியுங்கள். தூரத்தைப் பார்க்காத இழப்பு ஒன்று. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தை எடுங்கள். 1986-இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பல இரவுகள் குவிமாடத்தைத் திறக்கவே முடியாது. ஐப்பசியில் வெடித்ததன் பின்னொளி (வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் வெளிச்சம்) அங்கிருந்து தவறிப்போகலாம். ஆனால் மேகம் செம்பெயர்ச்சி பார்த்து மூடுவதில்லை. நிலவொளி, பகல் நேரம், கிழக்குத் தீர்க்கரேகை எல்லாம் இப்படியே. இவை மாதிரியைச் சிறிதாக்கும், கோணலாக்காது. இதற்குத் திருத்தம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தூரத்தைப் பார்த்து வரும் இழப்புதான் கவலை. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு 1216 ஆங்ஸ்ட்ராம். செ=6-இல் அது 8,500 ஆங்ஸ்ட்ராமுக்குப் போய்விடும், அதற்குக் கீழே ஒளி ஏறக்குறைய இல்லை. செ=8.2-இல் 11,000-ஐத் தாண்டும், சாதாரண சிசிடிக்கு அங்கே கண் தெரியாது. எவ்வளவு தெளிந்த மாசி மாத இரவானாலும் காவலூரிலிருந்து அது இருட்டுதான். அகச்சிவப்புக் கருவி வேண்டும். அடுத்தது, சுமார் 1.4 முதல் 2.5 வரையிலான பாலைவனம். விண்மீன்திரளின் ஆக்சிஜன் உமிழ்வுக் கோடு சிவப்பு விளிம்பைத் தாண்டிவிட்டது, லைமன்-ஆல்ஃபா நீல விளிம்புக்குள் இன்னும் வரவில்லை. உங்கள் பள்ளம் இங்கே விழுந்தால் அது வானத்தின் பள்ளம் அல்ல. சிலியின் 'வெரி லார்ஜ் டெலஸ்கோப்'பில் 2009 முதல் எக்ஸ்-ஷூட்டர் நிறமாலைக் கருவி ஓடத் தொடங்கிய பின் வந்த தரவை மட்டும் தனியாக வரைந்து பாருங்கள், பள்ளம் தூர்கிறதா என்று. மூன்றாவது தூசி. பின்னொளி மங்கிய 'இருண்ட' வெடிப்புகளில் பல, தூசி மண்டிய பெரிய திரள்களில் பிறந்தவை. அவற்றை விட்டால் சிறிய, சுத்தமான திரள்களில் மட்டுமே வெடிப்புகள் நடக்கின்றன என்ற முடிவுக்கு வருவீர்கள்.

பக்கத்தில் எண்ணிக்கை கூடுவது, அதாவது விண்மீன் பிறப்பு வீதத்தைவிட வெடிப்பு வீதம் குறைந்த செம்பெயர்ச்சியில் மேலே நிற்பது, 2015 வாக்கில் சில ஆய்வுகளிலும் வந்தது. பெரிய விளக்கங்களுக்கு முன் முழுமையைச் சோதியுங்கள். பேட்6, ஷோல்ஸ் போன்ற முழுமைப்படுத்திய மாதிரிகளில் அதே நிரலை ஓட்டினால் அந்தக் கூடுதல் நிற்கிறதா? ஜிஆர்பி 980425 போல செ=0.0085-இல் கிடக்கும் மங்கல் வகையைத் தனியாகப் பிரித்தீர்களா? அது அமாட்டிக் கோட்டிலும் உட்காராது, வேறு குடும்பம்.

"தூரத்து வெடிப்பு எல்லாம் குறுகிப் போகுது"

கால நீட்சியால் நீள வேண்டியவை குறுகினால், வாலின் மங்கிய பகுதி இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது, உச்சி மட்டும் தெரிகிறது. இரண்டு நொடி எல்லையை வைத்துக் குறுவெடிப்பு, நெடுவெடிப்பு என்று பிரிப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஜிஆர்பி 211211ஏ நெடியது, ஆனால் குறுவெடிப்போடு எதிர்பார்க்கும் கிலோநோவாவோடு (நியூட்ரான் விண்மீன்கள் மோதி எழும் ஒளிர்வு) வந்தது. பக்கத்து வெடிப்பின் ஒளிவளைவை எடுத்து, தூரத்துக்குத் தள்ளி, இரைச்சல் சேர்த்து, மறுபடி கால அளவு எடுங்கள்.

"ஒத்தை வெடிப்பு கோட்டையே இழுத்துட்டுப் போகுது"

ஜிஆர்பி 221009ஏ தானே? 2022 அக்டோபர் 9, செ=0.151. பல கருவிகள் அதன் வெளிச்சத்தில் செறிவடைந்து திணறின. எண்ணிக்கையைத் திருத்தாமல் எடுத்த மதிப்பைப் போடக் கூடாது. மேலும் அது நம் பால்வெளியின் தளத்துக்கு அருகே இருந்ததால் பின்னொளிக்குத் தூசித் திருத்தமும் பெரிது. அதை நீக்கி ஒருமுறை, சேர்த்து ஒருமுறை ஓட்டி, இரண்டையும் அறிக்கையில் போடுங்கள்.

"பொருள் அடர்த்தி கரெக்டா 0.3 வந்துடுச்சு சார்!"

எல்லா அறிகுறியிலும் மோசமானது இது, ஏனென்றால் யாரும் இதை அறிகுறியாகப் பார்ப்பதில்லை. "நல்லதுப்பா, சமதிசை ஆற்றலைக் கணக்குப் போட எந்தத் தொலைவு எடுத்த?" என்று கேட்டால், "புத்தகத்துல இருக்கற 0.3 தான் சார்" என்று வரும். 0.3-ஐ உள்ளே போட்டு 0.3-ஐ வெளியே எடுத்திருக்கிறோம். சூப்பர்நோவாவுக்கு அருகிலேயே செஃபீடு விண்மீன்கள் வழியாக அளவுகோல் கிடைக்கிறது. வெடிப்புகளில் அப்படி அருகில் இருப்பவை மிகச் சில, இருப்பவையும் மங்கல் குடும்பம்.

சோதனை எளிது. உள்ளீட்டை 0.9 ஆக்கி முழுதும் ஓட்டுங்கள். விடை அந்தப் பக்கம் நகர்ந்தால் வட்டத்துக்குள் மாட்டியிருக்கிறீர்கள். வெளியேற மூன்று வழிகள். கோட்டின் சரிவு, வெட்டு, சிதறல், அண்டவியல் அளவுருக்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தளர்த்திப் பொருத்துவது முதல் வழி. நேர்மையானது, ஆனால் பிழைப்பட்டை அகலமாக வரும். பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை, எனக்குப் பிடிக்கும். இரண்டாவது, லியாங் குழு 2008-இல் செய்தது: செ=1.4 வரை சூப்பர்நோவாத் தொலைவுகளை இடைச்செருகி வெடிப்புகளை அளவிட்டு, அந்தக் கோட்டை மேலே நீட்டுவது. இங்கே கோடு செம்பெயர்ச்சியோடு மாறவில்லை என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. முதல் அறிகுறியில் நீங்கள் பரிணாமம் கண்டிருந்தால் இது நேரடியாக அடிபடும். சூப்பர்நோவாவின் பக்கச்சார்புகளும் சேர்ந்தே வரும், ஆகவே விடையைச் சூப்பர்நோவாவோடு சேர்த்து 'இரண்டு சாட்சி' என்று எழுத முடியாது. மூன்றாவது, மூத்த விண்மீன்திரள்களின் வயதிலிருந்து வரும் விரிவு வீதத்தைக் கொண்டு அளவிடுவது. அமாட்டியும் உடனிருந்தவர்களும் 2019-இல் இதைச் செய்தார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஹபிள் மாறிலி 70 என்று வந்தாலும் மகிழ வேண்டாம். வேறு தொலைவுகளைக் கொண்டு அளவிடப்படாத வெடிப்புகளில் அந்த மாறிலி கோட்டின் வெட்டுக்குள் கரைந்துவிடும், தனியாகத் தெரியாது. 70 வந்தது நீங்கள் போட்ட முன்னனுமானத்திலிருந்து.

பிழைப்பட்டையையும் கையாலேயே சரிபார்க்கலாம். ஆற்றலில் சிதறல் 0.4 டெக்ஸ் (பத்தின் அடுக்கில் 0.4) என்றால் தொலைவுக் குறிகாட்டியில் அது 2.5 மடங்கு, அதாவது ஒரு முழு மேக்னிட்யூட். நல்ல சூப்பர்நோவாவுக்கு 0.15 வாக்கில். ஒரு சூப்பர்நோவாவின் வேலையைச் செய்ய நாற்பதுக்கு மேல் வெடிப்புகள் வேண்டும். நூறு வெடிப்பில் பொருள் அடர்த்தியை மூன்று தசம இடத்துக்குத் துல்லியமாகச் சொன்னால், எங்கோ சிதறலை நிலையாகக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

எதுவும் தெரியவில்லை, எல்லாம் சரியாகவே இருக்கிறது

அப்போதும் போலி வானம் ஒன்று செய்யாமல் அறிக்கையை ஒப்படைக்காதீர்கள். விண்மீன் பிறப்பு வீதத்தின்படி ஒரு லட்சம் வெடிப்புகளைத் தூவுங்கள். உச்ச ஆற்றலுக்கும் சமதிசை ஆற்றலுக்கும் வேண்டுமென்றே எந்தத் தொடர்பும் வைக்காதீர்கள். கருவி வரம்பு, நிறமாலைப் பட்டை, செம்பெயர்ச்சி கிடைக்கும் வாய்ப்பு மூன்று சல்லடையிலும் சலித்து, மிஞ்சியதை உங்கள் நிரலுக்குக் கொடுங்கள். அதில் வரும் கோட்டின் சரிவும் சிதறலும் உண்மைத் தரவுக்கு எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு கருவியின் பங்கு. பிறகு தொடர்பை வைத்து, பொருள் அடர்த்தி 0.2 கொண்ட ஒரு வானமும் 0.5 கொண்ட ஒரு வானமும் செய்து, எது எது என்று தெரியாதபடி நண்பரை விட்டுப் பெயர் மாற்றச் சொல்லி ஓட்டுங்கள். இரண்டுக்கும் 0.3 என்று வந்தால் முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

2024-இல் ஏவிய ஸ்வாம் செயற்கைக்கோளின் எக்லேர்ஸ் கருவி 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்தே பார்க்கிறது, ஐன்ஸ்டீன் ப்ரோப் அதற்கும் கீழே மென்கதிரில். தூரத்து, மென்மையான வெடிப்புகள் இனி கூடுதலாக வரும். அவற்றை ஸ்விஃப்ட் பட்டியலோடு ஒட்டி ஒரே கோப்பாக்கும்போது, ஒவ்வொரு வரியிலும் எந்தக் கருவி பிடித்தது என்ற நெடுவரிசையை மறக்காமல் வையுங்கள். வரம்புக் கோட்டை ஒவ்வொரு கருவிக்கும் தனியாக வரைய அது வேண்டும்.